சத்தம் நின்றால் வண்டி நின்றதா?

பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் வெல்லாவெளி வரும்வரை ஒரு கலர் லைட் கிடையாது. எங்களுக்குச் சிவப்பு விளக்கு என்றால் பட்டி மாடுதான். கடைசி மாடு வீதியைக் கடந்து முடியும்வரை வாகனம் நிற்கும். மாரி முடிந்து வேளாண்மை வெட்டு தொடங்கினால் பாதி வீதியில் நெல் காயும், மீதிப் பாதியில் வெட்டு மெசின் வரும். அப்போதும் நிற்க வேண்டும். பொழுதுபட்ட பிறகு யானை வந்து நின்றால் சொல்லவே தேவையில்லை. அது போக நினைக்கும்வரை நாங்கள் நிற்போம்.

இப்படி நிற்கிற வீதிக்குத்தான் டோக்கியோ நெரிசலுக்காகச் செய்த ஒரு வசதி வந்து சேர்ந்திருக்கிறது. கார் நின்றதும் என்ஜின் தானாக நின்று, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாக ஸ்டார்ட் ஆகும் 'ஐட்லிங் ஸ்டொப்'. அதன் தம்பி 'பிரேக் ஹோல்ட்': காலை எடுத்தாலும் காரைப் பிடித்து வைத்திருக்கும். இந்த இரண்டையும் பற்றி எங்கள் வேனுக்குள் நடக்கிற வாக்குவாதத்தை எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தோம். போன தவணை பாடசாலை வாசலில் நடந்த ஒரு விசயம், இனியும் தள்ளிப்போட முடியாது என்றாக்கிவிட்டது.

நாங்கள் என்றால், எழுவான்கரையிலிருந்து தினமும் காலையில் படுவான்கரைக்குப் படிப்பிக்க வருகிற ஏழு பேர். தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறோம். வருவது பழைய டொல்பின் வேனில். அதில் ஐட்லிங் ஸ்டொப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் வேன் ஓட்டும் காக்கா மாட்டைக் கண்டால் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிடுவார். "ஜப்பான்காரன் மெசின் வெச்சி செய்யிறத்த நான் கையால செய்யிறன். ஆருக்கு மூள கூட?" என்று கேட்பார். ஏழு ஆசிரியர்கள் இருந்தும் இதுவரை எவரும் பதில் சொல்லவில்லை.

அவருடைய பழக்கம் 2022இல் இறுகியது. அந்த வருடத்தை இங்கே எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஜூன் 26ஆம் திகதி ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகியது. ஜூலையில் கியூஆர் முறை அறிவிக்கப்பட்டபோது வேனுக்கும் காருக்கும் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அதற்கு முன்பு வரிசையில் நின்ற நாட்களில், முன்னுக்கு நிற்கிற வாகனம் ஒரு அடி நகர்ந்தால் எங்களுடையதை எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அடிக்கொரு தடவை ஸ்டார்ட் பண்ண எவருக்கும் மனம் வரவில்லை. அதாவது முழு இலங்கையும் அந்த நாட்களில் ஒரு பெரிய ஐட்லிங் ஸ்டொப்பாக இருந்தது. என்ன, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை.

இந்த வசதியின் வரலாறு பழையது. 1974இலேயே டொயோட்டா கம்பனி க்ரவுண் காரில் இதைப் பூட்டிப் பார்த்தது. கார் நின்று ஒன்றரைச் செக்கனில் என்ஜின் நிற்கும். டோக்கியோ நெரிசலில் ஓட்டிப் பார்த்ததில் பத்து வீதம் எரிபொருள் மிச்சம் என்றார்கள். எங்கள் ஊர்களில் இன்று அதிகம் ஓடுகிற வெகன் ஆர், 2012இல் ஜப்பானில் புதிய மாதிரியாக வந்தபோது, பிரேக் பிடித்து வேகம் 13 கிலோமீற்றருக்குக் கீழே வந்ததுமே என்ஜினை நிறுத்தும்படி செய்யப்பட்டிருந்தது. என்ஜின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் குளிர்காற்று வர, ஏசிக்குள் குளிரைச் சேமித்து வைக்கும் ஒரு ஏற்பாடும் உண்டு. ஹீரோ கம்பனி 2014இல் ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட் மோட்டார் சைக்கிளுக்கே இதைக் கொண்டுவந்தது: நியூட்ரலில் ஐந்து செக்கன் நின்றால் என்ஜின் நிற்கும், கிளச்சைப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகும்.

மிச்சம் உண்மையா என்று எங்கள் கணித ஆசிரியர் வேனுக்குள்ளேயே கணக்குப் போட்டார். அமெரிக்காவில் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் சொல்வது, பத்துச் செக்கனுக்கு மேல் நிற்பதென்றால் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணுவதே லாபம் என்று. அதில் சண்டையில்லை. சின்னக் கார் ஒன்று சும்மா உறுமிக்கொண்டு நின்றால் மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் குடிக்கும் என்று வைப்போம். எங்கள் பாதையில் மாடு, நெல், கடை வாசல் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு நிமிடம் நிற்கிறோம். அது 50 மில்லிலீற்றர். பாடசாலை நாள் 200 என்றால் வருடத்துக்குப் பத்து லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றாலும் மூவாயிரம். கொழும்பில் பொரளைச் சந்தியில் தினம் ஒரு மணித்தியாலம் நிற்கிறவருக்கு இது வேறு கணக்கு. எங்களுக்கு மூவாயிரம்தான்.

அந்த மூவாயிரத்தை விழுங்கப் பெட்டரி காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து, இருபது தடவை ஸ்டார்ட் பண்ணுவதைச் சாதாரண பெட்டரி தாங்காது. அதற்கென்றே தனிப் பெட்டரி உண்டு. மேலே கே-42, எம்-42, என்-55 என்று எழுதியிருக்கும். விலை என்னவென்று கடையில் கேட்டவர்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும். எங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸ் சொன்னார், பத்துக் கார் வந்தால் பலவற்றில் சாதாரண பெட்டரியைப் போட்டுவிட்டு ஐட்லிங் ஸ்டொப்பை ஓஃப் பண்ணித்தான் ஓட்டுகிறார்கள் என்று. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தானே காருக்குத் திறந்தது? இருந்த காரையே வைத்து இழுத்த நாடு இது. புது பெட்டரி போடவில்லை என்று எவரையும் குறை சொல்ல முடியாது.

சாரதிகளிடம் கேட்டோம். கேட்டது என்றால் பெரிய ஆய்வு ஒன்றுமில்லை. களுவாஞ்சிக்குடியில் ஓட்டோ நிறுத்துமிடத்தில், பழுகாமத்தில் தேநீர்க் கடையில், பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு மரத்தடியில், வாய்விட்டுக் கேட்டதுதான்.

கூடுதலானவர்களுக்கு இது பிடிக்கவில்லை. காருக்குள் ஏறியதும் பெல்ட்டுக்கு முன்பே அந்த ஓஃப் பட்டனை அமுக்குகிறார்கள். அதை ஒவ்வொரு நாளும் அமுக்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் பெரிய எரிச்சல். நேற்று வேண்டாம் என்று சொன்னதை இன்றைக்குக் கார் மறந்துவிடும். "எங்கட வீட்டுப் புள்ளயள் மாதிரி" என்றார் ஒரு அண்ணன். இது நம்மூர் எரிச்சல் மட்டுமல்ல. அமெரிக்காவில் இந்த வசதி வைக்கிற கம்பனிகளுக்குப் புகைக் கணக்கில் புள்ளி கிடைத்து வந்தது. 2025 மே மாதம் அந்த நாட்டுச் சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் தலைவர் லீ செல்டினே, எல்லோரும் வெறுக்கிறார்கள், மாற்றப்போகிறோம் என்று எழுதினார். தேநீர்க் கடையில் இதைச் சொன்னதும் அங்கிருந்தவர்களுக்கு ஒரே சந்தோசம். அமெரிக்காவும் அவர்களும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவையாம்.

40ஆம் கொலனிப் பக்கம் வயல் செய்கிற ஒருவர் சொன்னது சிரிக்கிற விசயமல்ல. அந்தியில் வளைவைத் திரும்பினால் யானை. பிரேக்கை அமுக்குகிறார், அந்த நேரம் பார்த்து என்ஜின் நிற்கிறது. "கார் நிண்டுதோ என்ர நெஞ்சு நிண்டுதோ தெரியா சேர்." ஒரு செக்கன்கூட இல்லாமல் திரும்ப ஸ்டார்ட் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் யானைக்கு முன்னால் செக்கன் நீளமானது. அந்த மனிதருக்கு எரிபொருள் மிச்சம் பற்றி நாங்கள் பாடம் எடுக்கவில்லை.

பிடித்தவர்களும் இருக்கிறார்கள். எங்களோடு படிப்பிக்கிற ஒரு டீச்சருக்கு முழங்கால் வருத்தம். சனிக்கிழமையில் அவர் கணவரின் வெசலை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போவார். சந்தைப் பக்கம் நெரிசலில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் அன்றிரவு கால் நீட்ட முடியாது. பிரேக் ஹோல்ட் பட்டனைப் போட்டால் கார் நின்ற இடத்தில் நிற்கும், காலை ஆற வைக்கலாம், அக்சிலேற்றரைத் தொட்டால் போகும். "எஞ்சின நிப்பாட்டுறது வாகனத்துக்கு நல்லமோ என்னமோ, இது எனக்கு நல்லம்" என்றார். நியாயமான பேச்சு. பாலத்து ஏற்றத்தில் நிற்கும்போது பின்னுக்கு உருளாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி வாசலுக்கு வருவோம்.

காலை ஏழு இருபது இருக்கும். ஒரு தகப்பன் சின்ன ஜப்பான் கார் ஒன்றில் மகளைக் கொண்டுவந்தார். எந்தக் கம்பனிக் கார் என்பது இங்கே தேவையில்லை. கேற்றுக்கு முன்னால் நிறுத்தினார். என்ஜின் தானாக நின்றது. பிள்ளை பின்கதவால் இறங்கி, காருக்கு முன்னால் சுற்றிக் கேற்றுக்கு வந்தது. தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டது. தகப்பன் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, பின்சீற்றிலிருந்த போத்தலை எட்டி எடுக்கத் திரும்பினார். பிரேக்கில் இருந்த கால் விலகியது. கியர் டீயிலேயே இருந்திருக்கிறது. என்ஜின் ஸ்டார்ட் ஆகிக் கார் நடக்கத் தொடங்கியது.

வேகம் ஒன்றுமில்லை, மனிதன் நடக்கிற வேகம்தான். ஆனால் அரைவாசி உடம்பு வெளியே தொங்குகிற மனிதனால் அதைக்கூட நிறுத்த முடியவில்லை. கார் பத்துப் பன்னிரண்டு அடி போய், மதிலோடு சாத்தி வைத்திருந்த சைக்கிள் இரண்டை நெரித்துக்கொண்டு நின்றது. பிள்ளை அந்த இடத்தால் போய் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் நடுங்கிக்கொண்டு சொன்னது ஒன்றுதான்: "நான் ஓஃப் பண்ணிப்போட்டுத்தான் சேர் இறங்கின நான்." பொய் சொல்லவில்லை. சத்தம் நின்றிருந்தது. வாழ்நாள் முழுக்கச் சத்தம் நின்றால் வண்டி நின்றது என்று பழகிய மனிதர் அவர். டிரக்டர், லான்ட்மாஸ்டர், ஓட்டோ, எங்கள் டொல்பின் எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். இந்தக் காருக்கு மட்டும் பொருந்தவில்லை. பத்து மணிக்குள் ஊரில் அது பேய் ஓட்டின காராகிவிட்டது என்பது வேறு கதை.

பிறகு அந்தக் காரைப் பார்த்தோம். மீற்றரில் அம்பு சுற்றிய ஒரு எழுத்து எரிந்தால் என்ஜின் தூங்குகிறது, நிறுத்தப்படவில்லை என்று அர்த்தம். இந்த நிலையில் பெல்ட்டைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ சில கார்களில், 'நான் இன்னும் ஓட்டத்தில்தான் இருக்கிறேன்' என்று உணர்த்த என்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகும். சிலவற்றில் பீப் சத்தம் மட்டும். திரையில் எச்சரிக்கை எழுத்தும் வரும். வந்தென்ன, அது ஜப்பான் மொழியில் வருகிறது! கையேடும் ஜப்பான் மொழி. காலையில் சாவியைப் போட்டதும் ஒரு பெண் குரல் ஈடீசி கார்ட் பற்றி ஏதோ சொல்லும், எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அது ஜப்பானில் அதிவேகப் பாதைக்குக் காசு கட்டும் அட்டை போடவில்லை என்கிற செய்தி. படுவான்கரையில் அந்த அட்டைக்கு வேலையில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, கார் பேசுகிற எதையும் காதில் வாங்காத பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. பெட்டரியை விட, யானையை விட, எங்களைப் பயப்படுத்துவது இதுதான். எச்சரிக்கை இருக்கிறது, அதை வாசிக்கிற ஆள் இல்லை.

பிரேக் ஹோல்ட் உள்ள காரில் ஏமாறுவது இன்னும் சுலபம். என்ஜினும் நின்று, காலையும் எடுத்து, காரும் அசையாமல் நின்றால் முழுதாக ஓஃப் ஆனது போலவே இருக்கும். சில கார்களில் பெல்ட்டைக் கழற்றியதும் பார்க்கிங் பிரேக் தானாக விழுந்து காப்பாற்றிவிடும். எல்லாக் காரிலும் அப்படி என்று நம்ப வேண்டாம். பிரேக் ஹோல்ட் என்பது சாரதி சீற்றில் இருக்கும்போது காலுக்கு ஓய்வு. இறங்கிப் போகிறவருக்கு அது ஹேண்ட் பிரேக் அல்ல. கியரைப் பீயில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை இழுத்து, பட்டனையோ சாவியையோ ஓஃப் பண்ணிய பிறகுதான் கதவு. பெற்றோர் கூட்டத்திலும் இதைத்தான் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த நாள் பாதிப்பேர் பழையபடியே வந்தார்கள், அதுவும் உண்மை.

ஆகவே பிள்ளைகளிடம் போனோம். நான்காம் வகுப்பில் கேட்டோம், நிற்கிற காருக்கு முன்னால் போகலாமா, எப்படித் தீர்மானிப்பீர்கள் என்று. 'இரண்டு பக்கமும் பார்' என்று வருடக்கணக்காக நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் ஒருவரும் 'பார்ப்போம்' என்று சொல்லவில்லை. எல்லோரும் 'சத்தத்தைக் கேட்போம்' என்றார்கள். இங்கே பிள்ளைகளுக்குக் காதுதான் கண். களுவாஞ்சிக்குடி பஸ் வருவதை வளைவுக்கு அப்பால் இருந்தே சொல்லுவார்கள், வெட்டு மெசினா டிரக்டரா என்றும் பிரித்துச் சொல்லுவார்கள். ஒரு பிள்ளை சொன்னது: "சத்தமில்லாத கார் நித்திர சேர்."

அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டோம். கேற்றடியில் எங்கள் சக ஆசிரியர் ஒருவரின் காரை நிறுத்தி, பிள்ளைகளைத் தூரத்தில் பின்பக்கம் நிற்க வைத்துக் காட்டினோம். என்ஜின் சத்தம் இல்லை, ஆனால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது. ஏன்? மாமா பிரேக்கை மிதித்திருக்கிறார். கார் நித்திரையில் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு முழித்திருக்கிறது. பிரேக் ஹோல்ட் பிடித்து வைத்திருந்தாலும் அந்தச் சிவப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். சாவியைத் திருப்பி, காலை எடுத்து, சிவப்பு அணைந்து, சாரதி இறங்கி வந்த பிறகுதான் உண்மையான நித்திரை.

அன்றிலிருந்து எங்கள் வாசலில் பரிசோதகர்கள் கூடிவிட்டார்கள். கார் வந்து நின்றால் போதும், "முழிச்சிருக்கு! முழிச்சிருக்கு!" என்று கூச்சல். வலயத்திலிருந்து வந்த வாகனத்தையும் விடவில்லை. அந்தச் சாரதி ஒன்றும் விளங்காமல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் பேசியதை விட இந்தக் கூச்சல் வேலை செய்கிறது. மகள் கத்துவதற்கு முன்பே ஓஃப் பண்ணிவிட வேண்டும் என்று சிலர் அவசரப்படுகிறார்கள்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் திருப்தியடையவில்லை. "சிவப்பு பின்னுக்குத்தானே சேர் எரியிது. முன்னுக்கு நிக்கிறவன் என்னெண்டு கண்டுபிடிக்கிற?" என்றான். இன்னொருவன், கரண்ட் கார் வந்தால் என்ன செய்வது என்றான். மெதுவாக ஓடும்போது மின்சாரக் கார் செயற்கையாகச் சத்தம் எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பாவில் 2019இலிருந்து புதிய மாதிரிகளுக்குச் சட்டம் இருக்கிறது என்று சொன்னோம். "நிக்கக்குள்ள?" என்றான். நிற்கும்போது இல்லை.

முதலாமவனின் கேள்விக்கு எங்களால் ஒரே ஒரு வழிதான் செய்ய முடிந்தது. கேற்றுக்கு முன்னால் கார் நிற்கவே வேண்டாம். அதிபரோடு பேசி, மதில் முடிகிற இடத்தில் மருத மரத்துக்குக் கீழே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை முதல் பிள்ளைகளை அங்கே இறக்கிவிடுங்கள், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் உட்பட. அங்கிருந்து கேற்றுக்கு நாற்பது எட்டு நடந்தால் போதும், எண்ணிப் பார்த்தோம். காலையில் ஏழு மணியிலிருந்து எங்களில் இரண்டு பேர் அங்கே நிற்போம். மழை பெய்தால் கோடு அழிந்துவிடும், திரும்பவும் போடுவோம். வீட்டில் மிச்சப் பெயின்ற் இருக்கிறவர்கள் கொஞ்சம் கொண்டுவந்தால் அந்த வேலையும் மிஞ்சும்.